நிரந்தரமும் பதிலியும்: புதுச்சேரியில் முழுநேர வேலையின் கதை

புதுச்சேரியில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்றால் உறவுக்காரர்கள் முதலில் கேட்பது "பர்மனென்டா?" என்றுதான். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், வாரத்துக்கு எத்தனை நாள் என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகு வரும். பல சமயம் வராமலே போகும். மேலை நாடுகளின் புள்ளிவிவரங்கள் உழைக்கிறவர்களை முழுநேரம், பகுதிநேரம் என்று மணிக்கணக்கை வைத்துப் பிரிக்கின்றன. அந்த அளவுகோலை அப்படியே எடுத்துவந்து இந்த ஊரின்மேல் வைத்தால் முக்கியமான விஷயம் கண்ணில் படாது. இங்கே எட்டு மணி நேரம் முழுக்க நின்று வேலை பார்த்தவர்களிலேயே இரண்டு சாதி இருந்தது: பதிவேட்டில் பெயர் ஏறியவர், ஏறாதவர். மாதச் சம்பளம், விடுப்பு, சேமநிதி, ஓய்வுக்காலப் பணம் ஆகிய எல்லாம் சேர்ந்த முழுநேர வேலை ஏதோ ஆதிகாலத்திலிருந்து இருந்ததுபோலவும், இப்போதுதான் அது கெட்டுப்போனதுபோலவும் பேசுகிறோம். புதுச்சேரியின் பஞ்சாலை வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அந்த வேலை ஒரு குறிப்பிட்ட ஆண்டில், உயிர் கொடுத்து வாங்கப்பட்டது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நின்றது. நின்ற காலம் முழுவதும் அது பதிலித் தொழிலாளியின் தோளில் ஒரு காலை ஊன்றித்தான் நின்றது. இதை விளங்கிக்கொண்டால்தான் இன்றைய ஒப்பந்தக் கூலியைப் பற்றி நேர்மையாகப் பேச முடியும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் இங்கே காலூன்றியது துணிக்காக. கும்பினி நெசவாளிக்கு வேலை கொடுத்தது என்று சொல்வதைவிட, கப்பல் வேலை கொடுத்தது என்பதே பொருத்தம். கும்பினி வணிகர்களுக்கு முன்பணம் கொடுக்கும். வணிகர்கள் நெசவாளிக்குக் கொடுப்பார்கள். கப்பல் புறப்படும் நாளுக்குள் சரக்கு கோட்டைக்கு வந்து, தரம் பார்த்து, மூட்டை கட்டியாக வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டுகிறவர்கள் துணி, முன்பணம், கப்பல் வரவு என்ற மூன்று கவலைகளும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதைக் காணலாம். கப்பல் வரவில்லை என்றால் தறிக்கு வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் குழித்தறியில் தண்ணீர் நிற்கும், சாயம் காயாது. போர் வந்தால் கேட்கவே வேண்டாம்: 1761-இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துப்போட்டார்கள், 1778-இலும் 1793-இலும் மறுபடி பிடித்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் நெசவாளியின் உழைப்பு ஆண்டில் சில மாதம் இரவுபகலாகவும் சில மாதம் வெறுங்கையாகவும் இருந்தது. அவரை முழுநேரம் என்பதா, பகுதிநேரம் என்பதா? முன்பணக் கடன் ஆண்டு முழுவதும் கழுத்தில் இருந்தது. வேலை மட்டும் விட்டுவிட்டு வந்தது.

அந்தத் துணிகளில் புதுச்சேரிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'கினே' என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றங்கரைக்குப் போய், அங்கே பிசின் வாங்குவதற்கான பணமாகவே அது புழங்கியது. புதுச்சேரிக் கிணற்றுத் தண்ணீர் அந்த நீலத்துக்கு வாகானது என்று அக்காலத்தவர் நம்பினார்கள். கைத்தறியில் நெய்த இந்த நீலத்துணியின் சந்தையைப் பார்த்துத்தான் 1820-களின் இறுதியில், ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் தொழில்களுக்கு ஊக்கம் கொடுத்த சமயத்தில், இயந்திர நூற்பாலை இங்கே வந்தது. பின்னால் சவானா மில் என்று பெயர் பெற்றது அதுதான். பம்பாயில் கவாஸ்ஜி தாவர் தமது மில்லுக்கு அடிபோட்டது 1854-இல் என்பதை நினைத்துக்கொண்டால் புதுச்சேரி எவ்வளவு முந்திக்கொண்டது என்பது புரியும். 1898-இல் ரோடியர் மில் வந்தது. அதை இன்று எல்லோரும் ஏ.எஃப்.டி. என்று அறிவார்கள். கெப்ளே மில் பின்னாளில் பாரதி மில் ஆயிற்று. முதலியார்பேட்டை, கடலூர் சாலைப் பக்கம் மில் சங்கு ஊதுவதை வைத்து வீட்டில் உலை வைக்கும் வாழ்க்கை அப்படித் தொடங்கியது.

மில் வந்ததும் முழுநேர வேலை வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நீண்ட நேர வேலை வந்தது; அது வேறு. விடியுமுன் உள்ளே போய் இருட்டிய பிறகு வெளியே வருவதும், நூல் விலை சரிந்தால் காரணம் சொல்லாமல் நிறுத்திவிடுவதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கங்கள். இதே நூற்றாண்டில் இதே துறைமுகத்திலிருந்து இன்னொரு வகை முழுநேர வேலையும் ஏற்றுமதியானது. 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் மார்த்தினிக்குக்கும், அதன்பின் குவாதலூப்புக்கும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தமிழர்கள் கப்பலேறினார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது, காலம் குறிக்கப்பட்டிருந்தது, நாள்தோறும் வேலையும் இருந்தது. ஆனால் விலகிப்போகும் உரிமை இல்லை. ஒரு வேலை முழுநேரம் என்பதால் மட்டும் அது நல்ல வேலை ஆகிவிடாது என்பதற்கு இந்த ஊர்க்காரர்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1936-க்கு வருவோம். சவானா, ரோடியர், கெப்ளே மூன்று மில்களிலும் தொழிலாளிகள் கேட்டது வேலை நேரக் குறைப்பும் கூலி உயர்வும் சங்கம் வைக்கும் உரிமையும். வ. சுப்பையா அப்போது இருபத்தைந்து வயது இளைஞர். 1934 முதலே 'சுதந்திரம்' இதழ் மூலம் இந்தக் கோரிக்கைகளை ஊர் முழுக்கக் கொண்டுபோயிருந்தார். ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளிகள்மேல் பிரெஞ்சுக் காவல்படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். சுப்பையா அடுத்த ஆண்டு பாரிஸ் வரை போய் வாதாடினார். 1937 ஏப்ரல் 6-ஆம் தேதிய ஆணை பிரெஞ்சிந்தியாவின் தொழிலாளர் சட்டமாக வந்தது. எட்டு மணி நேர வேலைநாளும் சங்க உரிமையும் சட்டத்தில் ஏறின. ஜூலை 30-ஐ இன்றும் தியாகிகள் தினமாகத் தொழிற்சங்கங்கள் நினைவுகூர்கின்றன. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் பெற்ற ஊர் என்ற பெருமைப் பேச்சும் அன்று தவறாமல் ஒலிக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1936 ஜூன் மாதம் பிரான்சில் லெயோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. ஜூன் 7-இல் மத்தீன்யோன் ஒப்பந்தம், ஜூன் 21-இல் வாரத்துக்கு நாற்பது மணி நேரச் சட்டம், கூடவே ஊதியத்தோடு கூடிய விடுமுறை என்று அடுத்தடுத்து வந்தன. அந்த அலையில் காலனிக்கும் ஒரு துளி வந்து விழுந்தது, அவ்வளவுதானே, தொழிலாளி போராட்டத்துக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். கேள்வி சரி, முடிவு சரியில்லை. பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதே குடியரசின் கொடி பறந்த ஊரில் அதே கோரிக்கைக்குத் துப்பாக்கிதான் பதில் சொன்னது. பாரிஸ் தொழிலாளிக்கு நாற்பது மணி நேரம் தந்த அரசு புதுச்சேரித் தொழிலாளிக்கு எட்டு மணி நேர நாளைத் தருவதற்கு, பன்னிரண்டு உயிர் போன பிறகும், மேலும் எட்டு மாதம் எடுத்துக்கொண்டது. பாரிஸில் கதவு திறந்திருந்தது உண்மை. ஆனால் திறந்த கதவு வழியாகத் தானாக எதுவும் நடந்து வந்துவிடவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1919-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே எட்டு மணி நேரத்தை எழுதியது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வாரம் அறுபது மணி என்று விலக்குக் கொடுத்தது. சிங்காரவேலர் 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியபோது இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் அந்த அறுபது மணியில்தான் இருந்தது. 1934 சட்டம் ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளுக்கு அதை நாளுக்குப் பத்து, வாரத்துக்கு ஐம்பத்துநான்கு என்று குறைத்தது. நாற்பத்தெட்டு மணி வாரம் வந்தது 1946 திருத்தத்தில். ஆக, கடலூர் பக்கத்துத் தொழிலாளிக்கும் முதலியார்பேட்டைத் தொழிலாளிக்கும் இடையில் சில மைல்தான் தூரம் என்றாலும், சட்டப்படியான வேலை நேரத்தில் சுமார் பத்தாண்டு இடைவெளி இருந்தது. வேலையின் நீளத்தை நிர்ணயிப்பது தொழிலின் இயல்போ சந்தையின் விதியோ மட்டும் என்று சொல்கிறவர்கள் இந்த இடைவெளியை விளக்க வேண்டும். பஞ்சு ஒன்று, கதிர் ஒன்று, வெயில் ஒன்று. சட்டம் மட்டும் வேறு.

சட்டம் வந்தது, மில் வேலை கௌரவமான வேலையாயிற்று. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி நிறைவேறியது, 1963 அக்டோபர் 1 முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டமும் தொழில் தகராறு சட்டமும் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன. பெண் கொடுக்கிறவர்கள் மில் மாப்பிள்ளையை விரும்பிய காலம் அது. ஆனால் அந்தக் காலத்து மில் வாசலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதி நிரந்தரத் தொழிலாளிகள் உள்ளே போன பிறகும் வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர்கள், குளித்து வேலை உடுப்போடு வந்தவர்கள், ஆனால் வேலை உண்டா என்று அறியாதவர்கள். உள்ளே எந்தக் கதிர்ச் சட்டத்துக்கு ஆள் வரவில்லை, எந்தத் தறி சும்மா நிற்கிறது என்று கணக்குப் பார்த்துச் சொன்னதும் அத்தனை பேரை மட்டும் கூப்பிடுவார்கள். பெயர் வந்தவர் உள்ளே போய் எட்டு மணி நேரமும் நிற்பார். நிரந்தரக்காரர் செய்யும் அதே வேலை, அதே பஞ்சுத் தூசி, அதே இரைச்சல். பெயர் வராதவர் இரண்டாம் ஷிப்டுக்கு மறுபடி வருவார், அதிலும் இல்லையென்றால் இரவு ஷிப்டுக்கு. இவர்கள்தான் பதிலிகள். பம்பாய், அகமதாபாத், கோவை என்று இந்தியாவில் பஞ்சாலை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் இவர்கள் இருந்தார்கள்.

பதிலியைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. 1946-இன் நிலையாணைச் சட்டத்தின்கீழ் தொழிலாளிகள் நிரந்தரம், தகுதிகாண், பதிலி, தற்காலிகம், சாதாரணக் கூலி, பயிற்சியாளர் என்று வகைபிரிக்கப்பட்டார்கள். இந்தப் பட்டியலில் மணிக்கணக்கு எங்கும் இல்லை. பகுதிநேரம் என்ற வகையே இல்லை. 1953-இல் லே-ஆஃப் இழப்பீடு சட்டமானபோது பதிலிக்கும் சாதாரணக் கூலிக்கும் அது கிடையாது என்று எழுதினார்கள். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால் பதிலியைப் பதிலியாகக் கருதக்கூடாது என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்தார்கள். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் என்பது அந்த ஓராண்டின் அளவு. அன்றிலிருந்து இந்த நாட்டின் கோடிக்கணக்கான உழைப்பாளிகளின் வாழ்க்கை அந்த 240 என்ற எண்ணைச் சுற்றி ஓடியது. எண்ணை எட்டவிடாமல் நிறுத்தி, சில நாள் கழித்து மறுபடி கூப்பிடும் தந்திரத்தை நாடு முழுக்க நிர்வாகங்கள் கற்றுக்கொண்டன; அதை எதிர்த்த வழக்குகளால் தொழிலாளர் நீதிமன்றங்கள் நிரம்பின. மில்லில் எப்போதும் பத்துப் பதினைந்து பேராவது விடுப்பில் இருப்பார்கள், அதற்கு மாற்றாள் வேண்டாமா, பதிலி என்பது வெறும் நிர்வாகத் தேவைதானே என்று சிலர் சொல்வார்கள். விடுப்புக்கு மாற்றாள் வேண்டும்தான். அன்றாடம் அத்தனை பேர் விடுப்பில் இருப்பது உறுதி என்றால், அத்தனை மாற்றாள்களும் அன்றாடம் தேவை என்பதும் உறுதிதானே? அவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ள எந்த இயந்திரமும் தடை சொல்லவில்லை. செலவு தடுத்தது. நிரந்தரத் தொழிலாளியின் விடுப்பு உரிமைக்கான விலையில் ஒரு பங்கைப் பதிலி தன் நிச்சயமின்மையால் கட்டினார். தொழிற்சங்கங்களும் இதை முழு வேகத்தோடு எதிர்க்கவில்லை. பதிலிப் பட்டியலில் தங்கள் பிள்ளைகள் பெயரைச் சேர்ப்பதே பல உறுப்பினர்களுக்குக் கிடைத்த ஆறுதலாக இருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதிதான்.

பிறகு அரசு முதலாளியானது. 1974-இன் தேசியமயச் சட்டத்தில் பாரதி மில் போனது. கான்பூர் சுதேசி காட்டன் மில்ஸ் கம்பெனியின் கையிலிருந்த பழைய சவானாவின் நிர்வாகத்தை 1978-இல் மத்திய அரசு எடுத்தது. முன்னறிவிப்பு தராமல் எடுத்தது சரியா என்று உச்சநீதிமன்றம் வரை போய், 1981-இல் வந்த தீர்ப்பு இயற்கை நீதி பற்றிச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பாயிற்று. 1983-இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி.யை 1986-இல் புதுச்சேரி அரசே ஏற்று நடத்தியது. பன்னிரண்டு ஆண்டுக்குள் மூன்று மில்களும் பொதுத்துறைக்கு வந்துவிட்டன. பர்மனென்ட் என்ற சொல்லுக்கு இதற்கு மேல் என்ன உத்தரவாதம் வேண்டும் என்று அன்று தோன்றியிருக்கும். முப்பது ஆண்டு கழித்து அதே வாசல்களில் தொழிலாளிகள் சம்பள பாக்கி கேட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மில்களைக் கொன்றது அந்த நிரந்தரமே என்பது பலமான, பரவலான கட்சி. ஆளை எடுக்க முடியாது, ஷிப்டை மாற்ற முடியாது, கொடி பிடித்துப் பிடித்தே மில்லை மூடினார்கள் என்று புதுச்சேரிக் கடைத்தெருவில் இன்றும் சொல்வார்கள். சில உண்மைகள் இதற்கு ஒத்துவரவில்லை. முதலாவது, சந்தை. பிரெஞ்சுக் காலனிகள் என்ற பாதுகாக்கப்பட்ட சந்தைக்காகப் பிறந்த மில்கள் இவை. 1954-இல் அந்தக் கொடி இறங்கியது, 1960-இல் செனகலும் சுதந்திர நாடாயிற்று. இரண்டாவது, விசைத்தறி. 1950-களில் நாட்டின் துணியில் பெரும்பங்கைக் கொடுத்த பெரிய மில்கள் நூற்றாண்டு முடிவில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டன. 1985 ஜவுளிக் கொள்கைக்குப் பிறகு சரிவு இன்னும் வேகமானது. சங்கம் பலமாக இருந்த பம்பாயிலும் மில் போனது. 1982-இல் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்து தோற்று, சங்கமே ஒடுங்கிய பிறகும் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது, முதலீடு. தனியார் முதலாளி லாப காலத்தில் புதுத் தறி வாங்கவில்லை, அரசு முதலாளி நட்ட காலத்தில் வாங்கவில்லை. நிரந்தரத்துக்கும் இதில் பங்கு இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வேலைப் பளு, ஆள் எண்ணிக்கை பற்றிய பேச்சுவார்த்தைகள் காலத்தில் நடந்திருந்தால் சில பிரிவுகளாவது பிழைத்திருக்கலாம். ஆனால் பாதிக் கூலிக்குப் பள்ளிபாளையத்திலும் சோமனூரிலும் பன்னிரண்டு மணி நேரம் தறி ஓட்டுகிறவரோடு போட்டி போட முடியாததற்கு எட்டு மணி நேரக்காரரைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

மூடுவிழா நடந்த விதமும் இங்கே கவனிக்க வேண்டியது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது ஏ.எஃப்.டி.யின் கூரைகளும் இயந்திரங்களும் சேதமாயின. ஓட்டம் முன்போல் மீளவில்லை. தொழிலாளிகள் லே-ஆஃபில் வைக்கப்பட்டார்கள். சட்டப்படி லே-ஆஃபுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி. ஆண்டுக்கணக்கில் இது நீண்டது. 2020 ஏப்ரல் 30-உடன் ஏ.எஃப்.டி. முறைப்படி மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களின் முடிவும் அதே ஆண்டுதான். அந்த இடைக்காலத் தொழிலாளியை எந்தக் கட்டத்தில் போடுவது? பதிவேட்டில் அவர் நிரந்தரம், வேலை நேரம் பூஜ்யம், சம்பளம் பாதி. வெளியே அவர் கட்டட வேலைக்கோ வாட்ச்மேன் வேலைக்கோ போனார் என்றால் அங்கே அவர் தினக்கூலி. ஒரே மனிதர், ஒரே மாதம், இரண்டு வகை. இப்போது ஏ.எஃப்.டி. திடல் பொதுக்கூட்டத்துக்கும் புத்தாண்டுக் கூட்டத்தின் வாகனங்களுக்கும் பயன்படுகிறது.

மில்கள் தேய்ந்த அதே ஆண்டுகளில் புதுச்சேரியில் தொழிற்சாலைகள் பெருகின என்பதையும் மறைக்கக் கூடாது. 1990-களில் பின்தங்கிய பகுதிகளுக்கான வருமான வரிச் சலுகையும், பக்கத்து மாநிலத்தைவிடக் குறைந்த விற்பனை வரியும், மலிவான மின்சாரமும் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனைப் பக்கம் ஆலைகளைக் கொண்டுவந்தன. சலுகைக் காலம் முடிந்ததும் சிலர் கிளம்பினார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரி வித்தியாசமும் போயிற்று. சலுகைக்காக வந்த தொழிலில் நிரந்தரமாக ஆள் வைப்பது எப்படி நடக்கும்? சலுகை முடியும் காலத்தை எண்ணிக்கொண்டே ஆலை நடத்தியவர்கள் ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்தார்கள். 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருபது பேர், அதற்கு மேல் என்றால்தான் பொருந்தியது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை ஐம்பதாக்கியது. கூடவே, ஆலை மூட அரசின் அனுமதி தேவைப்படும் வரம்பை நூறிலிருந்து முந்நூறு தொழிலாளிகளாக உயர்த்தியது இன்னொரு தொகுப்பு.

நாட்டளவிலான எண்களும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சுமார் 48 கோடி உழைப்பாளிகளை எண்ணியது. அவர்களில் சுமார் 12 கோடிப் பேர் ஆண்டில் ஆறு மாதத்துக்கும் குறைவாகவே வேலை கிடைத்தவர்கள். நான்கில் ஒருவர். 2017-18 உழைப்பாளர் ஆய்வில், விவசாயம் அல்லாத துறைகளில் மாதச் சம்பளக்காரர் என்று கணக்கில் வந்தவர்களிலேயே 71.1 விழுக்காட்டினருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லை, 54.2 விழுக்காட்டினருக்கு ஊதியத்தோடு விடுப்பு இல்லை, 49.6 விழுக்காட்டினருக்கு எந்தச் சமூகப் பாதுகாப்பும் இல்லை. இவர்கள் பகுதிநேரக்காரர்கள் அல்லர். காலையில் போய் இரவு திரும்புகிறவர்கள்.

தனியாரைச் சொல்லிவிட்டு அரசை விட முடியாது. புதுச்சேரி அரசின் அலுவலகங்களில் முழுநேரத் தினக்கூலி ஊழியர், பகுதிநேரத் தினக்கூலி ஊழியர் என்று இரண்டு வகை உண்டு; அதற்கும் கீழே பொதுப்பணித் துறையின் வவுச்சர் ஊழியர்கள். முழுநேரமாகவும் இருந்துகொண்டு தினக்கூலியாகவும் இருக்க முடியும் என்பதை அரசாணையே ஒப்புக்கொள்கிறது என்றால், நான் தொடக்கத்தில் சொன்ன பிரிவினைக்கு வேறு சாட்சி எதற்கு? மத்திய அரசு 1993 செப்டம்பரில் தற்காலிக அந்தஸ்துத் திட்டம் கொண்டுவந்தபோது அளவுகோல் மறுபடியும் 240 நாள்தான். 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்சநீதிமன்றம், விதிமுறைப்படி தேர்வாகாதவர்கள் நீண்டகாலப் பணியை மட்டும் காட்டி நிரந்தரம் கோர முடியாது என்றது. அரசு வேலைக்கு எல்லோருக்கும் சமவாய்ப்பு வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பின் காரணத்தை மதிக்கிறேன். தேர்தலுக்கு முன் ஆள் சேர்த்துப் பின்னால் கைவிடும் பழக்கத்துக்கு அது சரியான எச்சரிக்கை. ஆனால் பின்வாசல் வழியாக ஆள் எடுத்தது அதிகாரி. பத்தாண்டு உழைத்த பிறகு தண்டனை துப்புரவு செய்த பெண்ணுக்கு. அதே தீர்ப்பு பத்தாண்டு கடந்தவர்களை ஒரே ஒரு தடவை ஒழுங்குபடுத்தலாம் என்று இடம் விட்டதைப் பல அரசுகள் சௌகரியமாக மறந்தன.

எல்லாப் பகுதிநேர வேலையும் கேடு என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். கடற்கரைச் சாலையை ஒட்டிய விடுதிகளும் உணவகங்களும் சனி, ஞாயிறு கூட்டத்தை நம்பி வாழ்கின்றன. அங்கே கல்லூரி மாணவர்கள் இரண்டு நாள் வேலை பார்த்துக் கட்டணம் கட்டுகிறார்கள். சிறு குழந்தை உள்ள பெண்ணுக்கு அரைநாள் வேலை கிடைத்தால் அது பெரிய உதவி. பகுதிநேரம் இவர்களின் சொந்தத் தேவை, அதைத் தடுக்க எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், எந்த உரிமையும் இல்லை. கேள்வி, பாதி நேரத்துக்குப் பாதி உரிமையாவது உண்டா என்பதுதான். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1994-ஆம் ஆண்டு 175-ஆவது உடன்படிக்கை அதைத்தான் சொல்கிறது: குறைந்த நேரம் உழைப்பவருக்கு நேரத்துக்கேற்ற விகிதத்தில் ஊதியம், விடுப்பு, சமூகப் பாதுகாப்பு; சங்கம் சேரும் உரிமையில் விகிதம் கிடையாது, அது முழுதாக. மணிக்கணக்கு நேர்மையாக இருக்க வேண்டுமானால் உரிமைக் கணக்கும் அதனோடு சேர்ந்து நடக்க வேண்டும். நம்மிடம் மணிக்கணக்கு முழுதாகவும் உரிமைக் கணக்கு பூஜ்யமாகவும் இருக்கும் வேலைகள்தான் அதிகம்.

புதுச்சேரி சின்ன ஊர். தன் அலுவலகங்களில், தன் கழகங்களில், தன் தொழிற்பேட்டைகளில் யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம், யார் தினக்கூலி, யார் வவுச்சர், அவர்கள் எத்தனை ஆண்டாக, நாளுக்கு எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்று எண்ணி ஆண்டுதோறும் வெளியிடுவது இந்த அரசால் முடியாத காரியமில்லை. அடுத்த ஜூலை 30-க்கு நினைவிடத்துக்கு வந்து மாலை போடுகிற கட்சிகள், ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, அந்தப் பட்டியலைச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். 175-ஆவது உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.